நாலு சுற்றுத் துணி

மற்ற வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பம் தொங்கும், இல்லை கடைக்குக் கொண்டுபோகும் பை தொங்கும். எடைக்காரம்மாவின் வீட்டில் அங்கே ஒரு கேஸ்கெட் தொங்கியது. முட்டை வடிவத்தில், நீளவாக்கில் பதினாறு அங்குலமும் அகலவாக்கில் பன்னிரண்டு அங்குலமும் உள்வாய் கொண்ட கறுப்பு வளையம். சோப்புத் தொழிற்சாலை பாய்லரில் ஆள் நுழைகிற ஓட்டைக்கும் அதன் மூடிக்கும் நடுவில், நீராவி கசியாமல் இருக்க வைப்பது. வருடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறக்கும்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். ஒரு வருடம் முழுக்க ஆவியில் வெந்து பலகை மாதிரி விறைத்துப்போன பழையதுதான் அவள் ஆணியில் மாட்டி வைத்திருந்தது. வருகிறவர்கள் இது என்னவென்று கேட்டால், "எங்க வீட்டுக்காரரோட இடுப்பளவு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

அவள் புருஷனைத் தொழிற்சாலையில் உள்ளாள் என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லரை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, தண்ணீரை வடித்து மூடியைக் கழற்றினால், அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் ஒரு வருடத்து வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த ஆள் அவர்தான். மற்ற நாட்களில் வால்வு திருகுவது, எண்ணெய் விடுவது என்று எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். ஆனால் அந்த மூன்று நாட்கள் மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம். எத்தனையாவது குழாயில் அரிப்பு, எந்த ஒட்டு ஓரத்தில் கசிந்த தடம் என்பதையெல்லாம் வெளியே நிற்கிற இஞ்சினியர் அவர் வாயால் கேட்டுத்தான் எழுதிக்கொள்வார். முகமெல்லாம் தூசி அப்பி அவர் தலையை வெளியே நீட்டினால், முதல் டீ அவர் கைக்குத்தான் போகும்.

எடைக்காரம்மாவுக்கு வேலை பழைய இரும்புக் கடையில். வண்டியில் வருகிற தகரம், அட்டை, புட்டி, கம்பி எல்லாம் அவள் முன்னால் இருக்கிற தராசு மேடையில் ஏறித்தான் உள்ளே போகும். பதின்மூன்று வருடமாக அந்த மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அட்டையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவனையும், தகர டப்பாவுக்குள் மண் போட்டு வருகிறவனையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மனிதர்கள் சொல்வதை அவள் அவ்வளவாக நம்புவதில்லை. தராசு சொன்னால் நம்புவாள்.

போன வருடம் பாய்லர் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது இடுப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் கன்றிப்போய் இருந்தது. கேட்டதற்கு, சைக்கிள் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். அவள் தைலத்தைத் தேய்த்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அவள் தம்பி வந்தான். அவனும் அதே தொழிற்சாலைதான். மாமா உள்ளே போனால் ஓட்டைக்கு வெளியே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குரல் கொடுக்கிற வேலை அவனுக்கு.

"உங்க மாமா இடுப்புல என்னடா காயம்?"

"அதுவா அக்கா, சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு."

"கம்பில இடிச்சுக்கிட்டதா சொன்னாரே?"

"ஆமா ஆமா. விழும்போது கம்பில இடிச்சுது."

"சைக்கிள வித்து ரெண்டு வருஷம் ஆவுதுடா."

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தான். வாசலைப் பார்த்தான். மாமா கண்ணில் படவில்லை.

"போகும்போது நல்லாத்தான் போனாரு அக்கா. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுது, போயிட்டாரு. ஆறு மணி நேரம் உள்ளயே இருந்தாரா, அந்த சூட்டுல உடம்பு ஊதிப்போச்சு. வெளிய வரும்போது கை வந்துது, தல வந்துது, மார் வரைக்கும் வந்துது. வயிறு வரல. பின்னாலயும் போக முடியல."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் இருக்கும். அப்புறம் போர்மேன் ரெண்டு வாளி சோப்புத் தண்ணிய ஊத்தச் சொன்னாரு. சோப்பு பேக்டரியில அதுக்கா பஞ்சம்? ஊத்தி இழுத்தோம். மாமா சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. 'என்ன மாப்ள, பாத்திரம் கழுவற மாதிரி கழுவறீங்க'ன்னு கூட கேட்டாரு. ஆனா என் கையப் பிடிச்ச பிடிய மட்டும் விடல. இப்பக்கூட விரல் வலிக்குது, பாரு." அவன் கையை நீட்டிக் காட்டினான். "நான் சொன்னேன்னு சொல்லிடாத. உங்க அக்காகிட்ட சொன்னே, அதே கயித்துல உன்னக் கட்டி உள்ள எறக்கிடுவேன்னாரு."

அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் இன்னொரு சைக்கிள் கதை சொல்வார். உள்ளே போகாதீர்கள் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. வருடத்தில் அந்த மூன்று நாட்கள் மட்டும் அவர் எப்படி நடந்து வீட்டுக்குள் வருவார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நடைமேல் அவளுக்கு ஆசை உண்டு. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த நாற்பது நிமிடமும் திடீரென்று நினைவுக்கு வரும். ஓட்டையில் பாதி ஆளாக நிற்கிறவர் சிரிக்கிறார் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று நினைத்து, கையில் இருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வருடம் பாய்லர் திறக்க மூன்றரை மாதம் இருக்கும்போதே போர்மேன் அவரிடம் சொல்லிவிட்டார்.

"ஒரு வாரம் முன்னாடி, முடியும், முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடியாதுன்னா வெளியாள் ஒருத்தன வரச் சொல்றேன். உன்ன வாசல் கேட்டுக்கு மாத்திடறேன். நாற்காலி போட்டு ஒக்காரு, வயசாவுதில்ல?"

நாற்காலி என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் வீட்டுக்கு வந்து நான்கு தடவை சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார். பொரித்தது, இனிப்பு எல்லாம் நின்றது. காலையில் அவித்த முட்டை, வெள்ளரிக்காய். தொழிற்சாலையின் நான்கு மாடியையும் லிஃப்டைத் தொடாமல் ஏறி இறங்கினார். எண்ணெய் டின்னை வண்டியில் தள்ளாமல் தோளில் தூக்கிப் போனார். சாயங்காலம் நேராகப் பழைய இரும்புக் கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசு மேடையில் ஏறி நிற்பார்.

முதல் நாள் தொண்ணூற்று நாலு. இரண்டே வாரத்தில் தொண்ணூற்றொன்று ஆனது. அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். தொண்ணூற்றொன்றுக்கு வந்த எண் அங்கேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம் ஆகியும் அசையவில்லை.

"உன் தராசுல ஏதோ கோளாறு" என்றார்.

அவள் இருபது கிலோ எடைக்கல்லை உருட்டி மேடையில் வைத்தாள். சிவப்பு எண் இருபது என்றது. எடுத்தாள். பூஜ்யம் என்றது.

"அப்ப நான் தின்னாம கெடந்ததெல்லாம் எங்க போச்சு? மாடி ஏறினதெல்லாம் எங்க போச்சு?"

"எனக்கு என்னங்க தெரியும்? அது காட்டறத நான் சொல்றேன்."

"ஒரு நூறு கிராமாவது கொறையக் கூடாதா? கட்டின புருஷன்தானே ஏறி நிக்கறான்."

"புருஷனுக்கு ஒரு எடை, ஊருக்கு ஒரு எடையா போடறது?"

அவர் மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலையாட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கிப் போனார்கள். அவருடைய பின்கழுத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

விஷயம் அவளுக்கு விளங்கியது இரண்டு நாள் கழித்துத்தான், அதுவும் அட்டையால். ஒரு வண்டி நிறைய அட்டைப்பெட்டி வந்து மேடையில் கூரையைத் தொடுகிற அளவுக்குக் குவிந்திருந்தது. எடை போட்டால் தொண்ணூறு கிலோ சொச்சம். ஆட்கள் அதை அள்ளி அமுக்குகிற இயந்திரத்துக்குள் போட்டார்கள். அது இரண்டு முறை உறுமிவிட்டு, கம்பி கட்டிய ஒரு பெட்டியாக வெளியே தள்ளியது. வெளியூர் வண்டிக்குப் போகிற சரக்கு என்பதால் மறுபடியும் அவளிடம் எடைக்கு வந்தது. அதே தொண்ணூறு கிலோ சொச்சம். கிராம்கூடக் குறையவில்லை. முன்னே வாசல் கதவுக்குள் நுழையாத அட்டையை இப்போது ஒருவன் தள்ளுவண்டியில் வைத்து, இடிக்காமல் உள்ளே கொண்டுபோனான். அவள் முக்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டாள். பதின்மூன்று வருடமாகக் கண் முன்னால் நடப்பதுதான்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏறாதீங்க."

"ஏன்? உன் தராசுக்கு என்னப் பாத்து அலுத்துப்போச்சா?"

"ஒண்ணு கேக்கறேன். அந்த ஓட்டை உங்ககிட்ட எத்தன கிலோன்னு கேக்குதா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"கேக்கல இல்ல? எவ்வளவு தடிமன்னுதான் கேக்குது. அப்புறம் எதுக்கு இங்க வந்து தெனமும் ஒப்பாரி வைக்கிறீங்க? ஓட்டையக் கொண்டு வாங்க, அளப்போம்."

"ஓட்டைய எப்படிடி கொண்டு வர்றது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே பதில் கிடைத்துவிட்டது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் போன வருடத்துப் பழைய கேஸ்கெட்டைக் கிடங்கில் தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாள் ஆனது. பல் தேய்த்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் சமையலறை நடுவில் நிற்பார். ஒரு கையை மேலே தூக்குவார். அவள் முக்காலியில் ஏறி, கையோடும் தலையோடும் வளையத்தை மாட்டி, சாய்த்து ஒரு தோளை விடுவித்து, மறு தோளையும் விடுவித்து, இரண்டு கையாலும் கீழே இழுப்பாள். நெஞ்சைத் தாண்டி வந்து வயிறு தொடங்குகிற இடத்தில் நிற்கும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வளையம் நின்ற இடத்தில் பனியனில் பேனாவால் ஒரு கோடு போடுவாள்.

முதல் ஞாயிறு போட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே அடுத்த ஞாயிறு கோடு விழுந்தது. மூன்றாவது வாரம் இன்னும் ஒரு விரல் கீழே. அவர் பனியனைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பரீட்சைத் தாள் பார்ப்பதுபோல் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பியவரை அவள்தான் பிடித்து நிறுத்தினாள்.

அந்த மூன்றாவது ஞாயிறுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதே வேகத்தில் போனால் பாய்லர் திறக்கிற அன்றைக்கு வளையம் சரியாகத் தாண்டிவிடும். சரியாக. அந்த வார்த்தைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. போன வருடமும் உள்ளே போகும்போது சரியாகத்தானே இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து வெளியே வருகிற உடம்புக்கு யார் அளவு எடுத்தார்கள்? அவரிடம் இதைச் சொல்லலாம். சொன்னால் நாற்பது நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதைவிட, தான் பயந்தது மனைவிக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அது நாற்காலியைவிடப் பெரிய அவமானம்.

"ஓரம் உரசி தோல் செவந்துபோவுது. துணி சுத்தி வைக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பழைய படுக்கை விரிப்பைப் பட்டை பட்டையாகக் கிழித்து, வளையத்தைச் சுற்றி நெருக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித் தைத்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். "போன வாரமே எரிஞ்சுது."

அடுத்த சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, மேல்துணியைப் பிரித்து, அடியில் இன்னொரு சுற்றுச் சுற்றி, மேல்துணியை மறுபடியும் அதே தையலில் மூடினாள். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொரு சுற்று. ஓட்டை வாரா வாரம் ஒரு நூல் சிறியதாகிக்கொண்டு வந்தது. அவர் உடம்பும் அதே அளவுக்கு இளைத்துக்கொண்டு வந்ததால், பனியனில் கோட்டின் மேலேயே கோடு விழுந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல், அவருடைய கால்சட்டை நாடா. தொழிற்சாலையில் கொடுக்கிற உடுப்பு, இடுப்பில் நாடா வைத்துக் கட்டுவது. அவர் வழக்கம்போல் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார். முடிச்சுக்கு வெளியே நுனி நீண்டு தொங்குவது துவைக்கும்போது அவளுக்குத் தெரிந்தது. என்றைக்காவது அவரும் பார்ப்பார். எடைக்காரம்மா கத்தரிக்கோலை எடுத்து நுனியை நறுக்கி, இழை பிரியாமல் முடிச்சுப் போட்டு வைத்தாள். நறுக்கிய துண்டை எறிய மனம் வரவில்லை. அவர் உடம்பில் இருந்து குறைந்தது இவ்வளவு என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அது. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். வாரம் ஒரு துண்டு, கட்டைவிரல் கணு நீளத்துக்கு. டப்பாவைத் திறந்து பார்க்கும்போது தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள். தான் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்றுக்குப் பிறகு வந்த ஞாயிறு, அவர் கோட்டைப் பார்த்தார். ஒரே இடத்தில் நாலைந்து தடவை போட்டதால் அது கோடாக இல்லாமல் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. பனியனை மடித்து நாற்காலி முதுகில் போட்டார்.

"தராசும் நின்னுடுச்சு. வளையமும் நின்னுடுச்சு."

"வளையத்துக்கு என்ன தெரியும்? இன்னும் ரெண்டு வாரம் இருக்கில்ல?"

"நீதானே சொன்னே, தராச நம்பாத, வளையத்த நம்புன்னு? நம்பினேன்."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். திங்கட்கிழமை காலையில் முட்டையை அப்படியே வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வெறும் தண்ணீர். அவள் கெஞ்சினாள், திட்டினாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை பின்னாலேயே போனாள். "தின்னாத்தானே ஏறுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவளுடைய சாமர்த்தியம் எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் உடனே சொல்லத் துணிவு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி கடைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, மாமா மூணாவது மாடிப் படியில கண்ணு இருட்டி ஒக்காந்துட்டாரு. பயப்படாத, இப்ப நல்லா இருக்காரு, டீ குடுத்தோம். ஆனா என்கிட்ட சொல்றாரு, 'மாப்ள, சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் போர்மேன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடப் போறேன், அந்த நாற்காலிய எந்தப் பக்கம் போடுவாங்க, வெயில் படுமா'ன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா."

அவள் முக்காலியில் இருந்து எழுந்தாள். மேடையில் பாதி ஏற்றியிருந்த தகரத்தை அப்படியே விட்டுவிட்டு, மூட்டை தூக்குகிறவரிடம், "அண்ணே, யாரு வந்தாலும் நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்பது பெயருக்குத்தான், தம்பியே பின்னால் ஓட வேண்டியிருந்தது. வளையத்தை ஆணியில் இருந்து உருவினாள். பிஸ்கட் டப்பாவையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டாள்.

சோப்புத் தொழிற்சாலையின் கேட்டுக்கு உள்ளே ஒரு மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கும். அங்கேதான் எல்லோரும் சாப்பிடுவார்கள். உள்ளாள் ஒரு ஓரத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெஞ்சு தள்ளி போர்மேன் கை கழுவிக்கொண்டிருந்தார். வெயிலில் முகம் சிவந்து, தோளில் வளையத்தோடு வருகிற மனைவியைப் பார்த்ததும் உள்ளாள் எழுந்துவிட்டார்.

"என்ன இது? இத எதுக்கு இங்க தூக்கிக்கிட்டு வந்தே?"

"போர்மேன் சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான்."

"நல்லவேள." அவள் பெஞ்சில் உட்கார்ந்து வளையத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலால் தையலை வெட்டினாள். மேல்துணி சுருண்டு விழுந்தது. அடியில் இன்னொரு துணி இருந்தது. அதையும் பிரித்தாள். அதற்கும் அடியில் இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாலாவது துணியும் அவள் காலடியில் விழுந்ததும், கறுப்பு வளையம் வெறுமனே கையில் நின்றது.

"கையத் தூக்குங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். தூக்குங்க."

அவர் தூக்கினார். அவள் பெஞ்சின்மேல் ஏறி வளையத்தை மாட்டினாள். தலை, ஒரு தோள், மறு தோள். இழுப்பதற்காக இரண்டு கையாலும் பிடிக்கப் போனாள். பிடிக்க வேலை வைக்கவில்லை. வளையம் நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராகக் காலடியில் போய் டம்மென்று விழுந்தது.

உள்ளாள் குனிந்து, தன் காலைச் சுற்றிக் கிடக்கிற வளையத்தைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த துணிப் பட்டைகளைப் பார்த்தார். எண்ணினார்.

"நாலு வாரமா?"

"ஆமாங்க."

"நாலு வாரமா என்னை ஏமாத்தியிருக்கே." குரல் ஏறியது. "பட்டினி கெடந்தேன்டி நான். படியில விழுந்து கெடந்தேன். எனக்கு இனிமே ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பக்கத்துல நின்னு கோடு போட்டியே, ஒரு வார்த்த சொன்னியா? எதுக்கு? நான் உள்ள போகக் கூடாதுன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"போன வருஷம் நாப்பது நிமிஷம்" என்றாள். "அத மட்டும் நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவர் மெதுவாகத் திரும்பி மச்சினனைப் பார்த்தார். அவன் மரத்தில் ஏதோ காக்கைக்கூடு இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள போறதுக்கு நான் அளக்கலங்க. அதுக்கு அந்த வளையம் போதும். நீங்க வெளிய வர்றதுக்கு அளந்தேன். ஆறு மணி நேரம் வெந்து ஊதிப்போய் வருவீங்களே, அந்த ஒடம்புக்கு அளந்தேன். நாலு சுத்துத் துணி, அவ்வளவு எடம் மிச்சம் இருக்கணும்னு நெனச்சேன். நீங்க சாப்பாட்ட விடுவீங்கன்னு நெனைக்கல. அது என் தப்பு. என்ன வேணா சொல்லுங்க." அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவர் கையில் கவிழ்த்தாள். நாலு துண்டு நாடா விழுந்தது. "இது ஒங்க இடுப்பு. வாரா வாரம் நறுக்கினது."

அவர் அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் ஒன்றன் பின் ஒன்றாக நேராக்கி வைத்துப் பார்த்தார். அரைச் சாண் இருந்தது. கோபமாக இருக்க அவர் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தார். ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை.

"என் நாடாவையுமாடி வெட்டினே?" என்றார்.

முதலில் சிரித்தது போர்மேன்தான். பிறகு மரத்தடி முழுக்கச் சிரித்தது. போர்மேன் குனிந்து ஒரு துணிப் பட்டையை எடுத்து, விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடிமன் பார்த்தார்.

"நான் ஓட்டைக்குள்ள போவானா மாட்டானான்னுதான் பாத்தேன்" என்றார் அவளிடம். "வெளிய வருவானான்னு நான் பாத்திருக்கணும்மா." அவர் பக்கம் திரும்பினார். "என்ன உள்ளாள், நாற்காலி வேணுமா?"

"நீங்க ஒக்காருங்க சார், உங்களுக்கும் வயசாவுது" என்றார் உள்ளாள். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவள் முன்னாலேயே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தண்ணீர் குடிக்கும்போது, யாருக்கும் கேட்காத குரலில், "சிரிச்சேன்னு சொன்னானா அவன்?" என்று கேட்டார்.

"சொன்னான்."

"சிரிக்கல. பயந்துட்டேன்" என்றார்.

"தெரியுங்க" என்றாள் அவள்.

பாய்லர் திறந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளும் அவள் முக்காலியில் உட்கார்ந்து நனைந்த அட்டையை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். மணி பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தாள். பாய்லர் இரண்டு நாள் ஆறியபின் மூன்றாவது நாள் காலையில் உள்ளே போனவர் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே வர வேண்டும். மூன்றரைக்குத் தம்பி போனில் கத்தினான்.

"அக்கா, மாமா வந்துட்டாரு!"

"எவ்வளவு நேரம் ஆச்சுடா வெளிய வர?"

"வந்தாருக்கா. வந்துட்டுத் திரும்ப உள்ள போனாரு. திரும்ப வந்தாரு. 'மாப்ள, பாரு, பாரு'ன்னு மறுபடியும் உள்ள போறாரு. வாசக் கதவுல போய் வர்ற மாதிரி போய் வர்றாரு. போர்மேன் திட்டித்தான் வெளிய நிறுத்தியிருக்காரு."

அவள் போனை வைத்தாள். எதிரே நின்ற வண்டிக்காரர், "எவ்வளவும்மா?" என்று கேட்டார். அவளுக்கு எண் கண்ணில் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்துச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு அவரே வந்தார். மழையில் நனைந்து, காதுமடலில் வெள்ளைத் தூசி அப்படியே இருக்க, இந்த வருடம் கழற்றிய கேஸ்கெட்டைத் தோளில் குறுக்கே மாலை மாதிரி மாட்டிக்கொண்டு வந்தார். அந்த நடையை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வந்தவர் பூட்சோடு நேராகத் தராசு மேடையில் ஏறி நின்றார்.

தொண்ணூற்றொன்று.

"இந்தத் தராசுக்கு வேற நம்பரே தெரியாதா?" என்றார்.

"பூட்ஸ் ரெண்டு கிலோ இருக்கும். தோள்ல வேற ஒண்ணு மாட்டியிருக்கீங்க."

"அத விடு." கேஸ்கெட்டைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். நனைந்த சட்டைப் பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அன்று மரத்தடியில் விழுந்த நாலு துணிப் பட்டைகள், அவரே துவைத்துச் சுருட்டி வைத்தவை. "சுத்து."

"இப்பவா? இன்னும் ஒரு வருஷம் இருக்குங்க."

"இப்பவே சுத்து. இந்தத் தடவ நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே சுத்து. நாலு சுத்து."

"அஞ்சு" என்றாள் அவள்.

"நாலுன்னுதானே சொன்னேன்?"

"அடுத்த வருஷம் ஒரு வயசு கூடுதில்ல? அஞ்சு."

அவர் மேடையின் விளிம்பில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினார். அவள் துணியின் நுனியை வைத்து, நெருக்கமாக, இழுத்துச் சுற்றத் தொடங்கினாள். வெளியே மழையில் இரண்டு வண்டிகள் எடைக்குக் காத்து நின்றன.